லேப் கேன்சல்... மலை ஓகே!

மதியம் லேப் இல்லை என்றதும் வழக்கம்போல 'படத்துக்குப் போலாமா?' என்றுதான் ஆரம்பித்தோம். பர்ஸைக் கொட்டி எண்ணினால், நாலு பேருக்கு சினிமா டிக்கெட் தேறவில்லை. பஸ் டிக்கெட் தேறியது. கிளம்பிட்டோம் பாஸ்... மதுரைக்கு மேற்கே, சமணர் மலை அடிவாரத்தில் இருக்கும் கீழக்குயில்குடிக்கு!

ஆலமரம், தாமரைக் குளம், அய்யனார் கோயில். நிழலில் இருந்த தாத்தா, "மொதல்ல செட்டியாரைப் பாத்துட்டு வாங்கப்பா" என்றார். எந்தச் செட்டியார்? மலையைச் சுற்றிப் போனால் செட்டிப்புடவு குகை. புடவுன்னா குகைதான். அங்கே கம்பீரமாக உட்கார்ந்திருப்பவர் தீர்த்தங்கரர். நீளமாகத் தொங்கும் காதைப் பார்த்து, 'இவர் செட்டியாரேதான்' என்று ஊர் முடிவு பண்ணிவிட்டது!

திரும்பி வந்து படியேறினால் பேச்சிப்பள்ளம். ஒரு சுனை, பாறையில் வரிசையாக எட்டுச் சிற்பங்கள். பாம்பு குடை பிடிப்பவர் பார்சுவநாதர், கொடி சுற்றி நிற்பவர் பாகுபலி. கீழே ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய வட்டெழுத்து. சிற்பங்களைச் செய்யச் சொன்னவர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன.

கொஞ்சம் தள்ளி ஒரு ஹார்ட், நடுவில் அம்பு, ரெண்டு இனிஷியல். "நம்ம டிபார்ட்மென்ட் பேரையும் போடுவோம்டா" என்று நண்பன் ரூம் சாவியை எடுத்தான். சத்தியமா நான் தடுக்கலை. சிரிச்சுக்கிட்டு நின்னேன்.

"ஏந்தம்பி, பேச்சியாத்தா வீட்டுச் செவுத்துல எழுதுறீக... ஒங்க வீட்டுல நான் வந்து கிறுக்கவா?"

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா. சாவி சத்தமில்லாமல் பாக்கெட்டுக்குள் போனது. தொல்லியல் துறை போர்டைத் தாண்டித்தான் வந்தோம். அதற்கு அசராதவன், பேச்சியாத்தாவுக்கு அசந்துட்டான்!

இன்னும் மேலே, மாதேவிப் பெரும்பள்ளியின் அடித்தளம் மட்டும் மிச்சம் இருக்கிறது. அதையும் தாண்டி உச்சிக்குப் போனால்... காத்து ஆளைத் தள்ளுது! வடக்கே நீளமாக நாகமலை. கிழக்கே பசுமலை. ஊருக்கு அந்தப் பக்கம், படுத்த யானையாக யானைமலை. மதுரையை அழிக்க சமணர்கள் ஏவிய யானை, பாம்பு, பசு மூன்றும் சொக்கநாதர் அருளால் மலையாகிவிட்டதாகத் திருவிளையாடல் கதை. அந்தக் கதையை எங்களுக்குச் சொன்ன பாட்டிகள் யாரும், சமணர்கள் வாழ்ந்த மலைமேல் நின்று இதைப் பார்த்திருக்க மாட்டார்கள். வில்லன் வீட்டு மொட்டை மாடியில் நிற்பதுபோல இருந்தது. அந்த வில்லன்தான் கீழே கண்மூடி, சாந்தமாக உட்கார்ந்திருக்கிறார். ஊர்க்காரர்கள் அவரைச் செட்டியாராக்கிச் சொந்தமும் கொண்டாடுகிறார்கள்!

இருட்டுவதற்குள் இறங்கினோம். பேச்சிப்பள்ளத்தில் நண்பன் மட்டும் நின்றான். சாவி பட்ட இடத்தில் வெள்ளையாக ஒரு கோடு. சுனைத் தண்ணியைத் தொட்டுத் தேய்த்துப் பார்த்தான்.

போகலை.