நிர்வாகப் பட்டம் வேலைக்கு எவ்வளவு உதவும்?

பிள்ளையின் நிர்வாகப் படிப்புக்காகத் தாயின் நகையை அடகு வைக்கலாமா என்ற கேள்வி தோட்டத்து வீடுகளில் எழுவதுண்டு. அதைப் பற்றி இன்று பேசுவோம்.

நிர்வாகம் நமக்குப் புதிதன்று. எத்தனை பேர் வேலைக்கு வந்தனர், எவ்வளவு பால் இறங்கியது, யாருக்கு எவ்வளவு சம்பளம் என்று கிராணியார் செக்ரோலில் எழுதினாரே, அதுவும் நிர்வாகந்தான்.

பினாங்கில் 1972-இல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வாணிப வட்டாரம் தொடங்கியது. இன்டெல் முதலிய ஆலைகள் வந்தன. ஆலை என்றால் இயந்திரம் மட்டுமல்ல. கொள்முதல், சரக்கிருப்பு, சம்பளக் கணக்கு எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். பட்டம் நம் பிள்ளையை நேர்முகத் தேர்வு வரை அழைத்துச் செல்லும். அங்கே அதே பட்டத்தோடு இன்னும் பலர் உட்கார்ந்திருப்பார்கள். மலாயும் ஆங்கிலமும் தடையின்றி வருமா, கணக்கேட்டைப் பார்த்து நட்டம் எங்கே என்று சொல்லத் தெரியுமா, பத்துப் பேரிடம் வேலை வாங்க முடியுமா என்பதுதான் அப்போது எடுபடும். வெறும் நிர்வாகத்தைவிடக் கணக்கியலும் சேர்ந்த படிப்பே மேல் என்பது எங்கள் கருத்து.

வேலையை விட்டுவிட்டுத்தான் படிக்கவேண்டும் என்பதுமில்லை. பினாங்கிலுள்ள சயின்ஸ் மலேசியா பல்கலைக்கழகம் 1971-இலேயே தொலைதூரக் கல்வியைத் தொடங்கிவிட்டது. ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவருக்கு அனுபவமும் பட்டமும் சேர்ந்தே வளரும். வீட்டுக்குச் சம்பளமும் வரும்.

நகையை எடுக்குமுன் ஒன்று செய்யுங்கள். எம்.கியூ.ஏ. எனப்படும் மலேசியத் தகுதி நிறுவனத்தின் பதிவேட்டில் அந்தப் படிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கல்லூரியின் பெயர் போதாது. படிப்பின் முழுப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.