கன்னத்தில் ஒரு குட்டி மைக்!

குட்டீஸ், உங்கள் பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் நீங்கள்தான் ராஜா. ஒரு கையில் வாள், இன்னொரு கையில் கேடயம். எதிரி நாட்டுத் தூதனைப் பார்த்து இடி முழக்கம் போல ஒரு வசனம் பேச வேண்டும். இப்போது சொல்லுங்கள், மைக்கை எந்தக் கையில் பிடிப்பீர்கள்?

'மேடை நடுவில் ஸ்டாண்ட் மைக் வைத்துவிட்டால் போயிற்று' என்கிறீர்களா? வைக்கலாம். ஆனால் ராஜா, மந்திரி, தூதன், சேவகன் எல்லோரும் ரேஷன் கடை க்யூ மாதிரி அதன் முன்னால் வந்து நின்றுதான் பேச வேண்டும். சபா நாடகங்களில் மேடைக்கு மேலே மைக்கைத் தொங்கவிடுவது உண்டு. வசனம் வரும்போது நடிகர் நைசாக நகர்ந்து மைக்குக்குக் கீழே வந்துவிடுவார். தாத்தா, பாட்டியைக் கேட்டுப் பாருங்கள், சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

இந்தத் தொல்லைக்கு வந்த விடைதான் ஹெட் மைக். டி.வி. நிகழ்ச்சிகளில் ஆடிக்கொண்டே பாடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். காதிலிருந்து கன்னம் வழியாக ஒரு மெல்லிய கம்பி வரும். அதன் நுனியில் மிளகு அளவில் ஓர் உருண்டை இருக்கும். ஸ்பாஞ்ச் தொப்பி போட்டால் சுண்டைக்காய் அளவு. அவ்வளவுதான் மைக்!

இதன் சொந்தக்காரர்கள் நிலா வரை போயிருக்கிறார்கள். 1969ல் நிலவில் இறங்கிய ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் ஹெல்மெட்டுக்கு உள்ளே கறுப்பு வெள்ளைத் துணித் தொப்பி ஒன்றை மாட்டியிருந்தார்கள். ஸ்நூப்பி என்ற கார்ட்டூன் நாய்க்குட்டியின் காது போல இருந்ததால் அதற்கு 'ஸ்நூப்பி தொப்பி' என்று செல்லப் பெயர். அதிலிருந்து வாய்ப் பக்கம் நீண்டவை ஒன்றல்ல, இரண்டு மைக்குகள். ஒன்று மக்கர் செய்தால் இன்னொன்று வேண்டுமே!

பாட்டு மேடைக்கு இது வந்த கதை இன்னும் வேடிக்கை. 1979ல் இங்கிலாந்துப் பாடகி கேட் புஷ், தன் நிகழ்ச்சியில் பாடிக்கொண்டே நடனமும் ஆட ஆசைப்பட்டார். வயது 20தான். கையில் மைக் இருந்தால் எப்படி ஆடுவது? அவருடைய ஒலிப் பொறியாளர், சட்டை மாட்டும் கம்பி ஹேங்கரை வளைத்துத் தலையில் மாட்டுகிற மாதிரி செய்து, அதில் ஒரு குட்டி மைக்கைப் பொருத்திவிட்டார்! 1990ல் அமெரிக்கப் பாடகி மடோனா ஊர் ஊராக நடத்திய நிகழ்ச்சிகளுக்குப் பிறகு, இதற்கு 'மடோனா மைக்' என்றே ஒரு பெயர் ஒட்டிக்கொண்டது.

மைக் எப்படி மிளகு அளவுக்குச் சுருங்கியது? 1962ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜேம்ஸ் வெஸ்ட், கெர்ஹார்ட் செஸ்லர் என்ற இருவர் 'எலக்ட்ரெட்' மைக்கைக் கண்டுபிடித்தார்கள். மின்சாரத்தைத் தனக்குள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும் ஒரு மெல்லிய படலம்தான் இதில் முக்கியம். நம் குரல் பட்டதும் படலம் அதிரும். அந்த அதிர்வு மின்சாரச் சைகையாக மாறும். இன்றைய காலர் மைக், ஹெட் மைக் பெரும்பாலானவற்றில் இருப்பது இதுதான். இந்த ஜேம்ஸ் வெஸ்ட் சிறுவனாக இருந்தபோது, பழைய ரேடியோவைச் சரிசெய்கிறேன் என்று பிளக்கைச் சொருகப் போய் ஷாக் வாங்கியவர். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நீங்கள் அவரைப் பின்பற்ற வேண்டாம்!

தூரம்தான் ரகசியம்

வீட்டில் ஒரு சோதனை செய்வோமா? செல்போனில் குரல் பதிவை ஆன் செய்யுங்கள். போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து ஒரு வசனம் பேசுங்கள். பிறகு நாலு சாண் தள்ளி வைத்து, அதே வசனத்தை அதே குரலில் பேசுங்கள். போட்டுக் கேட்டால் என்ன தெரியும்? இரண்டாவது பதிவில் உங்கள் குரல் பின்னால் போய், மின்விசிறிச் சத்தமும் சமையலறை மிக்ஸியும் முன்னால் வந்திருக்கும்.

வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரண்டு மடங்கானால், மைக்கில் விழும் ஒலியின் வலிமை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகிவிடும். கையில் மைக் பிடிப்பவர் தலையைத் திருப்பினால் குரல் காணாமல் போவது இதனால்தான். ஹெட் மைக்கோ தலையோடு சேர்ந்து திரும்பும். குனிந்தாலும், குதித்தாலும், பல்டி அடித்தாலும் தூரம் மாறாது. அதாவது, சரியாக மாட்டியிருந்தால்! 2 செ.மீ.யில் இருக்க வேண்டிய மைக் நழுவி 4 செ.மீ.க்குப் போனாலே கதை கந்தல்.

சரி, வாய்க்கு நேர் எதிரே வைத்துவிடலாமா? கூடாது. ஒரு மெல்லிய காகிதத் துண்டை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு 'பட்டாசு... படார்!' என்று சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். காகிதம் ஆடும். அந்தக் காற்று மைக்கில் மோதினால் ஸ்பீக்கரில் 'டப் டப்' என்று குண்டு வெடிக்கும். இப்போது காகிதத்தை உதட்டோரத்துக்கு நகர்த்தி மறுபடி சொல்லுங்கள். ஆட்டம் குறைந்துவிடும். குரல் எல்லாப் பக்கமும் பரவும், காற்று முன்னால்தான் பாயும். ஆகவே மைக்கின் இடம் உதட்டு ஓரம். கன்னத்தில் படாமல், உதட்டு ஓரத்திலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளி. மூக்குக்கு நேர் கீழேயும் வேண்டாம். ஓடி வந்து வசனம் பேசும்போது, 'புஸ் புஸ்' என்று மூச்சு வாங்குவது கடைசி வரிசை வரை கேட்கும்.

ஹெட் மைக்கில் இரண்டு வகை உண்டு. ஒன்று எல்லாத் திசையிலிருந்தும் ஒலியை வாங்கும். கொஞ்சம் நகர்ந்தாலும் கோபித்துக்கொள்ளாது. இன்னொன்று தன் முன்பக்கத்து ஒலியைத்தான் அதிகம் வாங்கும். டிரம்ஸ், கீபோர்டு எல்லாம் பக்கத்தில் முழங்கும் மேடைக்கு இது நல்லது. ஆனால் அதன் முகம் சரியாக உங்கள் வாயைப் பார்க்க வேண்டும். இது எந்த வகை என்று மைக்செட் அண்ணாவிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கிரீடமும் தாடியும்

மாட்டுவதற்கும் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் முகத்துக்கு மேக்கப். அது காய்ந்ததும் மைக். அதற்கு மேலேதான் டோப்பாவும் கிரீடமும். கிரீடத்தை வைத்துவிட்டு மைக்கை உள்ளே நுழைத்தால் இரண்டும் கோணிக்கொள்ளும்.

காதில் கொக்கியை மாட்டி, கம்பியை மெதுவாக வளைத்துக் கன்னத்தோடு ஓடவிடுங்கள். சிறுவர்களின் முகம் சின்னது. பெரியவர்களுக்கான மைக்கை அப்படியே மாட்டினால் வாயைத் தாண்டிப் போய்விடும். வளைக்கும் வேலையை அண்ணாவே செய்யட்டும். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட ஒட்டும் டேப்பில் ஒரு சின்னத் துண்டைக் கன்னத்தில், காதுக்குப் பக்கமாக ஒட்டினால் கம்பி அசையாது. பின்கழுத்தில் இன்னொரு துண்டு. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஒயரை இறுக்கமாக ஒட்டிவிட்டால், தலை குனிந்ததும் ஒயர் இழுத்து மைக் வாயை விட்டு ஓடிவிடும். தாடையை நெஞ்சில் படும்படி குனிந்து, இரண்டு பக்கமும் திரும்பி, அதற்கு எவ்வளவு ஒயர் வேண்டுமோ அவ்வளவைத் தளர்வாக விட்டுப் பிறகு ஒட்டுங்கள்.

ஜிமிக்கி போட்டிருக்கிறீர்களா? ஒவ்வொரு தலையசைப்புக்கும் 'டிக் டிக்' என்று கம்பியில் தட்டும். மைக் இருக்கும் பக்கம் மட்டும் தோடுக்கு மாறிவிடுங்கள். முனிவர் வேஷம் இன்னும் கஷ்டம். ஒட்டுத் தாடி மைக்கில் உரசினால், முனிவர் பேசப் பேசப் பக்கத்தில் யாரோ முறுக்குத் தின்கிற மாதிரி கேட்கும். உதட்டு ஓரத்துத் தாடியைக் கொஞ்சம் கத்தரிப்பதைத் தவிர வேறு வழியில்லை, முனிவர் கோபித்துக்கொண்டாலும்!

ஒயரின் மறு முனை போய்ச் சேருவது இடுப்பில் இருக்கும் டிரான்ஸ்மிட்டர் டப்பாவில். அது ஒரு குட்டி வானொலி நிலையம். உங்கள் குரலை ரேடியோ அலையாக அனுப்பும். மேடை ஓரத்தில் இருக்கும் ரிசீவர் அதைப் பிடித்து மிக்ஸருக்குக் கொடுக்கும். பட்டுப் பாவாடையிலும் வேட்டியிலும் டப்பாவைச் செருக பெல்ட் ஏது? பழைய பனியன் துணியில் ஒரு சின்னப் பை தைத்து, எலாஸ்டிக் போட்டு உடைக்கு உள்ளே கட்டிக்கொள்ளலாம். டப்பாவிலிருந்து நீளும் ஆண்டெனாவைச் சுருட்டி மடித்துப் பைக்குள் திணிக்காதீர்கள். அது தோலோடு ஒட்டாமல் இருப்பது நல்லது. நம் உடம்பில் தண்ணீர் அதிகம், அது ரேடியோ அலையை விழுங்கிவிடும்.

பலவகை டப்பாக்களில் இரண்டு பென்சில் செல் போடுவார்கள். நிகழ்ச்சிக்குப் புது செல்தான். சுவர்க் கடிகாரத்தில் ஓடிக்கொண்டிருந்ததைக் கழற்றிப் போட்டு, க்ளைமாக்ஸில் ராஜா ஊமையானால் யாரைக் குறை சொல்வது?

பாட்டிக்குக் கேட்க வேண்டுமே!

'உன் குரல் ரொம்பச் சின்னது, நீ மரமாக நில்' என்று ஒதுக்கப்பட்டவர் யாராவது உங்கள் வகுப்பில் இருக்கிறாரா? அவருக்காகவே இந்தப் பகுதி.

பல பள்ளிகளில் ஆண்டு விழாவுக்கு வாடகைக்கு எடுப்பது இரண்டோ மூன்றோ ஹெட் மைக்தான். பெரும்பாலும் அவை ராஜாவுக்கும் ராணிக்கும் போய்விடும். ராஜாவாக நடிப்பவருக்கு ஏற்கெனவே ஊரைக் கூட்டும் குரல்! கேட்டால், மெல்லிய குரலில் நீளமான வசனம் பேசுகிறவருக்குத்தான் முதல் ஹெட் மைக் என்று சொல்வேன். ஏனென்றால், மிக்ஸரில் ஒவ்வொரு மைக்குக்கும் தனித்தனித் திருகு உண்டு. சின்னக் குரலுக்கு மட்டும் அதைக் கூட்டி வைக்கலாம். கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கும் பேத்தி சொன்னது கேட்கும்.

ஆனால் திருகை இஷ்டத்துக்குக் கூட்டவும் முடியாது. மைக்கில் போன குரல் ஸ்பீக்கரில் பெரிதாக வரும். அந்த ஒலி மறுபடி மைக்கில் நுழையும். இன்னும் பெரிதாக வரும். மறுபடி நுழையும். இப்படிச் சுற்றிச் சுற்றித்தான் காதைப் பிளக்கும் அந்த 'கீ...ச்' சத்தம் பிறக்கிறது. இதைத் தவிர்க்க, ஸ்பீக்கர் பெட்டிகள் நடிகர்களுக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும். ஹெட் மைக்கோடு மேடையை விட்டு இறங்கி ஸ்பீக்கருக்கு முன்னால் நடந்து வரும் காட்சி உங்கள் நாடகத்தில் இருந்தால், ஒத்திகையிலேயே நடந்து பாருங்கள். கீச்சென்றால் வேறு பக்கமாக இறங்கி வாருங்கள். சின்னக் குரல்காரர், மைக் உதட்டு ஓரத்திலேயே இருக்கிறதா என்று இன்னும் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். மைக் எவ்வளவு அருகில் இருக்கிறதோ, அவ்வளவு குறைவாகத் திருகினால் போதும்.

மைக் இருக்கிறதே என்று வாய்க்குள் முணுமுணுக்காதீர்கள். தொண்டை கிழியக் கத்தவும் வேண்டாம். எதிரே நாலு அடி தள்ளி நிற்கும் நண்பனிடம் தெளிவாகப் பேசுவது போலப் பேசினால் போதும்.

மைக் டெஸ்டிங் என்றால் நம் ஊரில் இரண்டே வழி. விரலால் 'டொக் டொக்', இல்லாவிட்டால் 'ஃபூ... ஃபூ...'. இரண்டுமே வேண்டாம். அந்த மெல்லிய படலத்துக்கு ஊதுவது புயல் மாதிரி. எச்சில் ஈரமும் உள்ளே போகும். 'ஹலோ, ஒன், டூ, த்ரீ' என்று சாதுவாகச் சொல்வதாலும் பயனில்லை. உங்கள் வசனத்திலேயே மிகச் சத்தமான வரியை, மேடையில் பேசப் போகிற அதே வேகத்தோடு பேசிக் காட்டுங்கள். அதற்குத் தகுந்தபடிதான் திருகை வைக்க வேண்டும். பிறகு மிக மெல்லிய வரியையும் பேசிக் காட்டுங்கள். இதெல்லாம் முழு வேஷத்தில் நடக்க வேண்டும். சாதாரணச் சட்டையில் நன்றாக இருந்த மைக், கிரீடம் ஏறியதும் மாறிவிடும்.

இரண்டு பேர் பக்கத்தில் நின்று பேசும்போது ஒருவர் குரல் இன்னொருவர் மைக்கிலும் விழும். குடத்துக்குள் பேசுவது போலக் கேட்கும். அதனால் பேசுகிறவர் மைக்கை மட்டும் திறந்து, மற்றதை மூடி வைக்க வேண்டும். அண்ணாவுக்கு அடுத்து யார் பேசப்போகிறார் என்று எப்படித் தெரியும்? நாடகப் புத்தகத்தின் ஒரு நகலை அவருக்குக் கொடுங்கள். ஹெட் மைக் பேசும் வரிகளை ஸ்கெட்ச் பேனாவால் அடிக்கோடு போட்டுக் கொடுத்தால் ரொம்ப சந்தோஷப்படுவார். டப்பாவில் இருக்கும் 'மியூட்' பொத்தானை மட்டும் நீங்கள் தொடவே தொடாதீர்கள். பதற்றத்தில் அழுத்திவிட்டு மறந்துபோனால், அவர் மிக்ஸரில் தலைகீழாக நின்றாலும் குரல் வராது.

இன்னொன்று. மேடையிலிருந்து உள்ளே வந்த பிறகும் மைக் உங்களோடுதான் இருக்கிறது! அண்ணா ஒரு நொடி தாமதித்தால் போதும். இலங்கையை எரித்துவிட்டுக் கம்பீரமாக உள்ளே போன அனுமார், 'டீச்சர், ஒன்னுக்கு வருது' என்று சொல்வது அரங்கம் முழுக்க எதிரொலிக்கும். மைக்கைக் கழற்றும் வரை வாய்க்குப் பூட்டு!

நாடகம் முடிந்ததும் கைதட்டல் சந்தோஷத்தில் பிடித்து இழுக்காதீர்கள். முதலில் கன்னத்து டேப், பிறகு கழுத்து டேப், பிறகு காது. ஒயர் பெரும்பாலும் டப்பாவில் செருகும் இடத்தில்தான் முறியும். அதனால் ஒயரைப் பிடித்து இழுக்காமல், முனையில் இருக்கும் பிளக்கைப் பிடித்துக் கழற்றுங்கள். வியர்வையை மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். அடுத்த நாடகத்துப் பிள்ளை அதே மைக்கை மாட்டப் போகிறான் என்றால், ஸ்பாஞ்ச் தொப்பியை மாற்றச் சொல்லுங்கள். ஒயரைக் கையில் இறுக்கிச் சுற்றாமல், பெரிய வளையல் போலத் தளர்வாகச் சுற்றிப் பெட்டியில் வையுங்கள். அப்புறம் அந்த இரண்டு பென்சில் செல்களையும் வெளியே எடுத்துவிடுங்கள். உள்ளேயே கிடந்து கசிந்தால் டப்பா அரித்துப்போகும்.