தாள் 2 எங்கே நிற்கிறது? மெட்டாபேஸ் தகவல் பலகையை நிறுவுவோம்



எஸ்.பி.எம். முன்னோட்டத் தேர்வுக்காக எங்கள் வட்டாரத்தில் நான்கு இடைநிலைப்பள்ளிகள் சேர்ந்து தமிழ்மொழித் தாள்களைத் தயாரிக்கிறோம். ஒருவர் எழுதுவார், இன்னொருவர் சரிபார்ப்பார், எழுதியவர் திருத்துவார், வேறொருவர் பக்கம் அமைப்பார், கடைசியில் அச்சுக்குப் போகும். இத்தனை கை மாறுவதால் புலனக் குழுவில் வாரத்துக்கு மூன்று தடவையாவது ஒரே கேள்வி வரும்: "தாள் 2 இப்போ யார்கிட்ட இருக்கு?" கேட்பவருக்கும் சங்கடம், பதில் சொல்பவருக்கும் சங்கடம்.

நிறுவனங்களில் இப்படிப்பட்ட வேலை ஓட்டத்தை ‘வணிகச் செயல்முறை’ என்கிறார்கள். வங்கியில் ஒரு கடன் விண்ணப்பம் மேசைக்கு மேசை நகர்வதும் நம் வினாத்தாள் பள்ளிக்குப் பள்ளி நகர்வதும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்த நகர்வைத் திரையில் காட்டும் தகவல் பலகையைத் திறமூல மென்பொருளைக் கொண்டு இலவசமாகவே அமைக்கலாம். நான் நிறுவியது மெட்டாபேஸ். கிராஃபானா, அப்பாச்சி சூப்பர்செட் ஆகியவையும் நல்லவைதான். ஆனால் கிராஃபானா சர்வர் அளவீடுகளைப் போல நொடிக்கு நொடி மாறும் எண்களுக்குப் பேர்போனது. சூப்பர்செட்டை நிறுவக் கூடுதல் பொறுமை வேண்டும். கணினித் துறையில் படிக்காத நமக்கு மெட்டாபேஸ் போதும் என்பது என் கருத்து.

நிறுவுவதற்கு முன்னால் அட்டவணையை யோசியுங்கள். நான் அவசரப்பட்டு மென்பொருளை முதலில் நிறுவிவிட்டு, காட்டுவதற்கு ஒன்றுமில்லாமல் விழித்தேன். செயல்முறையைக் கண்காணிக்க மூன்று விவரங்கள் கட்டாயம் தேவை: எந்தத் தாள், எந்தப் படி, எந்தத் தேதி. ஒரு தாள் ஒரு படியைக் கடக்கும்போதெல்லாம் ஒரு புதிய வரிசை. பழைய வரிசையை அழித்து "இப்போது சரிபார்ப்பில்" என்று மாற்றி எழுதினால் வரலாறு போய்விடும், அதோடு பலகையும் பயனில்லாமல் போய்விடும்.

தேதியிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. முடித்த தேதி மட்டும் போதாது. தாள் கைக்கு வந்த தேதி, வேலையை எடுத்த தேதி, முடித்த தேதி என்று மூன்றையும் எழுதுங்கள். வந்ததற்கும் எடுத்ததற்கும் இடைப்பட்டது காத்திருப்பு. எடுத்ததற்கும் முடித்ததற்கும் இடைப்பட்டதுதான் உண்மையான வேலை. இந்த இரண்டையும் பிரிக்காவிட்டால், சரிபார்ப்பவர் மெதுவாக வேலை செய்கிறார் என்ற தப்பான முடிவுக்கு வந்துவிடுவோம்.

சரி, நிறுவலுக்கு வருவோம். இரண்டு வழிகள் இருக்கின்றன. ஜாவா இருக்கும் கணினியில் மெட்டாபேஸின் ஒற்றைக் கோப்பைப் பதிவிறக்கி ஓட்டலாம், அல்லது டாக்கர் வழியாக ஓட்டலாம். நான் டாக்கரைப் பரிந்துரைக்கிறேன். ஜாவா பதிப்புச் சிக்கல் வராது. கல்விப் பயன்பாட்டுக்கு டாக்கர் டெஸ்க்டாப் இலவசம். மெட்டாபேஸ் ஆவணத்தில் உள்ள கட்டளையை அப்படியே ஒட்டி ஓட்டிவிட்டு, உலாவியில் லோக்கல்ஹோஸ்ட் 3000 முகவரியைத் திறங்கள். முதல் தடவை ஓரிரு நிமிடம் வெற்றுப் பக்கம்தான் தெரியும், பயப்பட வேண்டாம். பிறகு மொழி, உங்கள் பெயர், கடவுச்சொல் கேட்கும். கூடவே வரும் மாதிரித் தரவுத்தளம் ஒரு கற்பனைக் கடையின் விற்பனைக் கணக்கு. அதை வைத்து அரை மணி நேரம் விளையாடிப் பாருங்கள்.

விளையாட்டு முடிந்ததும் உண்மையான வேலையை அதிலேயே தொடங்கிவிடாதீர்கள். நான் அங்கேதான் மாட்டிக்கொண்டேன். மெட்டாபேஸ் தன் சொந்த விவரங்களை, அதாவது பயனர் கணக்குகளையும் நாம் வரைந்த வரைபடங்களையும், எச்2 என்ற சிறிய தரவுத்தளத்தில் வைக்கிறது. வேறு ஏற்பாடு செய்யாவிட்டால் அது டாக்கர் கலனுக்கு உள்ளேயே இருக்கும். புதிய பதிப்புக்கு மாறுவதற்காகப் பழைய கலனை அழித்தேன். இரண்டு வார வேலை அதோடு சேர்ந்து போச்சு.

ஆகவே போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தையும் சேர்த்தே நிறுவுங்கள். டாக்கர் கம்போஸ் கோப்பு ஒன்றில் இரண்டையும் எழுதிவிடலாம். மாதிரிக் கோப்பு மெட்டாபேஸ் ஆவணத்திலேயே உண்டு. இரண்டு விஷயங்களை மட்டும் கவனியுங்கள். போஸ்ட்கிரெஸின் தரவு கலனுக்கு வெளியே தங்க, பெயரிட்ட ஒரு ‘வால்யூம்’ குறிப்பிட வேண்டும். அடுத்து, மெட்டாபேஸ் கேட்கும் தரவுத்தள முகவரியில் லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதினால் இணையாது. கலனுக்குள் அந்தச் சொல் உங்கள் மடிக்கணினியைக் குறிக்காது, அந்தக் கலனையே குறிக்கும். கம்போஸ் கோப்பில் போஸ்ட்கிரெஸுக்கு நீங்கள் வைத்த பெயரை எழுதுங்கள். மெட்டாபேஸின் சொந்த விவரங்களுக்கு ஒன்று, நம் அட்டவணைக்கு ஒன்று என இரண்டு தரவுத்தளங்களாகப் பிரித்து வைப்பது நல்லது.

இனி நம் விரிதாளை ஏற்ற வேண்டும். நிர்வாகப் பகுதியில் பதிவேற்ற வசதியை இயக்கி, சிஎஸ்வி கோப்பாக ஏற்றலாம். தமிழில் தட்டச்சு செய்பவர்கள் இந்த இடத்தில் நிதானமாக இருக்க வேண்டும். எக்சலில் வெறும் ‘சிஎஸ்வி’ என்று சேமித்தால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறிகளாக மாறிவிடும். பட்டியலில் ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்று தனியாக ஒன்று இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில், இடையில் சிறுகோடிட்டு எழுதுங்கள். நம் வழக்கப்படி 3/7 என்று எழுதினால் ஜூலை 3-ஆ, மார்ச் 7-ஆ என்ற குழப்பம் வரும். அடுத்த வாரம் மறுபடியும் ஏற்றும்போது, இருக்கும் அட்டவணையின் தரவை மாற்றும் வசதியைப் பயன்படுத்துங்கள். புதிய கோப்பாக ஏற்றினால் புதிய அட்டவணை உருவாகும். பலகையோ பழையதையே காட்டிக்கொண்டிருக்கும்.

பலகையில் நான் மூன்று கட்டங்கள்தான் வைத்தேன்: ஒவ்வொரு தாளும் நிற்கும் படி, படிவாரியாகக் காத்திருந்த நாள்கள், படிவாரியாக வேலை நடந்த நாள்கள். சராசரிக்குப் பதில் இடைநிலை அளவைத் தேர்ந்தெடுத்தேன். ஒரே ஒரு தாள் விடுமுறையில் மாட்டி மூன்று வாரம் நின்றாலும் சராசரி எகிறிவிடும், இடைநிலை அளவு அவ்வளவாக அசையாது. முடிவைப் பார்த்து எல்லாருக்கும் வியப்பு. சரிபார்ப்பு இரண்டே நாள் வேலை. அதற்கு முன்னால் தாள் ஒரு வாரத்துக்கு மேல் மின்னஞ்சலில் கிடந்திருக்கிறது. அனுப்பியவர் "அனுப்பிட்டேன்" என்று குழுவில் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பாதுகாப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அட்டவணையில் வினா எதையும் எழுதாதீர்கள், தாள் கோப்பின் இணைப்பையும் ஒட்டாதீர்கள். "தமிழ்-தாள் 2" என்ற குறியீடு போதும். மாணவர் பெயர் இதற்குத் தேவையே இல்லை. மெட்டாபேஸை இணையத்தில் திறந்துவிடவும் வேண்டாம். 2023 ஜூலையில், கடவுச்சொல் இல்லாமலேயே வெளியார் உள்ளே நுழைந்து கட்டளை ஓட்டக்கூடிய கடுமையான ஓட்டை அதில் கண்டுபிடிக்கப்பட்டு, அவசரத் திருத்தம் வெளியானது. அதனால் பதிப்பை அவ்வப்போது புதுப்பியுங்கள், புதுப்பிக்கும் முன் போஸ்ட்கிரெஸை நகலெடுங்கள். நான் என் மடிக்கணினியில் மட்டும் ஓட்டி, பலகையை பிடிஎஃப் கோப்பாக்கிப் புலனக் குழுவில் போடுகிறேன்.

முதல் பலகையில் ஆசிரியர் பெயர்களும் இருந்தன. கூட்டத்தில் மூத்த ஆசிரியை ஒருவர் அமைதியாகக் கேட்டார்: "ஐயா, இது தாளைப் பார்க்கவா, எங்களைப் பார்க்கவா?" எனக்கு உடனே பதில் வரவில்லை. அவருடைய பெயர்தான் பட்டியலில் முதலாவதாகச் சிவப்பில் இருந்தது. அந்தத் தாளோ அவர் கைக்கு வந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. அன்று இரவே பெயர் நெடுவரிசையை விரிதாளிலிருந்தே எடுத்துவிட்டேன், மறைத்துவைக்கவில்லை. தாள் எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிந்தால், யாரை அழைக்க வேண்டும் என்பது எங்களுக்கே தெரியும். அதற்குப் பிறகுதான் எல்லாரும் தேதிகளை ஒழுங்காக எழுதத் தொடங்கினார்கள்.

இந்த வருடம் ஒரு கட்டம் கூடுதலாக வேண்டும்: அச்சகத்திலிருந்து தாள் திரும்பி வரும் தேதி. போன வருடம் அதை எழுதிவைக்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.