பழைய புத்தகத்தின் முதல் பக்கம்



காந்தியடிகள் தம் கையெழுத்துக்கு 5 ரூபாய் வாங்கி ஹரிஜன நிதியில் சேர்த்தார். அப்படிக் கிடைத்த கையெழுத்துகளைப் பலர் பொக்கிஷமாகக் காத்தார்கள்.

அப்படிக் காக்கத் தக்க கையெழுத்துக்கு உரிய இன்னொருவர், 'ஜனசக்தி' ஆசிரியரும் 'தாமரை' இதழைத் தொடங்கியவருமான தோழர் ஜீவா. 1907 ஆகஸ்ட் 21-இல் நாஞ்சில் நாட்டுப் பூதப்பாண்டியில் பிறந்தவர், 1963-இல் மறைந்தார். அவர் கையொப்பமிட்ட நூலோ, எழுதிய கடிதமோ நாஞ்சில் நாட்டு வீட்டுப் பரண்களில் இன்னும் இருக்கலாம். பழைய புத்தகங்களை எடைக்குப் போடும் முன் முதல் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள்.

கையெழுத்து கிடைத்தால் செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் செய்யாதீர்கள். வெயில் பட்டால் மை மங்கும். ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். யாருக்கு, எப்போது கையெழுத்திட்டது என்பதைத் தனித்தாளில் குறித்து வையுங்கள்.

கோட்டையூர் ரோஜா முத்தையா என்ற தனிமனிதரின் சேகரிப்பிலிருந்துதான் சென்னையில் 1994-இல் ஓர் ஆராய்ச்சி நூலகமே உருவானது. உங்கள் வீட்டுப் பிரதியும் வரலாறுதான், காப்பாற்றுங்கள்!