கடலோர ஊர்களில் வீட்டுத் தரை: பூரணாங்குப்பத்தை முன்வைத்து

பூரணாங்குப்பம் புதுச்சேரியின் அரியாங்குப்பம் கொம்யூனைச் சேர்ந்த ஊர். புதுச்சேரி - கடலூர் சாலைக்குக் கிழக்கே, கடலை ஒட்டி அமைந்துள்ளது. இத்தகைய ஊரில் வீட்டுக்குத் தரை போடும்போது நிறத்தையும் விலையையும் பார்ப்பதற்கு முன் மூன்று செய்திகளைக் கணக்கில் கொள்ள வேண்டும். நிலத்தடி ஈரம், அந்த ஈரத்தோடு மேலேறும் உப்பு, வடகிழக்குப் பருவமழையில் தேங்கும் நீர் ஆகியவையே அவை. இவற்றுக்கு ஈடுகொடுக்காத தரை எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் சில ஆண்டுகளில் பூத்துப்போகும், பெயரும் அல்லது வழுக்கும்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் சுமார் 48 செ.மீ. மழை பெய்தது. ஆகவே இப்பகுதியில் தரை என்பது ஒருமுறையாவது தண்ணீரில் மூழ்கக்கூடிய பொருள் என்று கொண்டே முடிவெடுக்க வேண்டும்.

தரைக்குக் கீழே

பெரும்பாலான வீடுகளில் தரை கெடுவதற்குக் காரணம் மேலே பதித்த கல்லோ டைல்ஸோ அல்ல, கீழே உள்ள நிரப்பு. பேஸ்மட்டத்துக்குள் கொட்டிய மண்ணை அரையடி அரையடியாகத் தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு இறுக்க வேண்டும். ஒரே நாளில் லாரி லாரியாகக் கொட்டி மூடினால் ஓரிரு மழைக்காலத்தில் மண் அமிழும், தரை நடுவில் உள்வாங்கும். கழுவாத கடல் மணலை நிரப்புக்கோ கலவைக்கோ பயன்படுத்தக் கூடாது. அதிலுள்ள உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், கம்பியையும் துருப்பிடிக்க வைக்கும். கலவைக்கு உப்புத்தண்ணீர் ஊற்றுவதும் இதே கேட்டைத் தரும். ஆழ்குழாய்த் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் நல்ல தண்ணீரைத் தனியே கொண்டுவருவதே சரி.

இறுக்கிய மண்ணின் மேல் தடித்த பாலிதீன் விரிப்பைப் போட்டு, அதன் மேல் சல்லி கான்கிரீட் இட்டால் நிலத்தடி ஈரம் மேலேறுவது வெகுவாகக் குறையும். சுவரின் அடியிலும் ஈரத்தடுப்புப் பூச்சு வேண்டும். இல்லாவிட்டால் ஈரம் சுவர் வழியே ஏறி, ஸ்கர்ட்டிங்குக்கு மேல் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூக்கும். இந்த வேலைக்கு ஆகும் செலவு டைல்ஸ் விலையோடு ஒப்பிட்டால் சிறியது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத வேலை என்பதால் முதலில் வெட்டப்படுவதும் இதுதான்.

பேஸ்மட்டத்தின் உயரத்தைத் தெருவை வைத்து முடிவு செய்வது வழக்கம். பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிய சாலை போடும்போது தெரு ஒவ்வொரு முறையும் சிறிது உயர்கிறது, பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வீடு தெருவுக்குக் கீழே போய்விடுகிறது. இன்றைய தெரு மட்டத்தோடு கடந்த வெள்ளத்தில் தண்ணீர் நின்ற அடையாளத்தையும் பார்த்து, அதற்கு மேலாகத் தரை மட்டத்தை வைப்பது நல்லது.

மண் தரையும் சிமெண்ட் தரையும்

கூரை வீடுகளில் மண்ணைத் தட்டி இறுக்கிச் சாணம் மெழுகிய தரையே இருந்தது. கோடையில் குளிர்ச்சி தரும், பிளந்தால் வீட்டிலேயே சரிசெய்துகொள்ளலாம். ஆனால் நாள்தோறும் கவனிப்பு வேண்டும், ஒரு வெள்ளத்தில் கரைந்துவிடும். அடுத்து வந்தது சிமெண்ட் தரை. அதில் இரும்பு ஆக்சைடு கலந்து கரணையால் தேய்த்து மினுக்கிய சிவப்புத் தரை தமிழ்நாடு, புதுச்சேரி, கேரளம் முழுவதும் பரவியது. நன்றாகப் போட்ட சிவப்புத் தரை ஐம்பது ஆண்டுகளுக்கு மேலும் நிற்கிறது. அதைப் போடுவது கை பழகிய கொத்தனாரின் வேலை. ஒரு அறையை இடையில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும், பின்பு குறைந்தது ஒரு வாரம் தண்ணீர் தேக்கி வைக்க வேண்டும். பெரிய கூடத்தைக் கண்ணாடிப் பட்டை வைத்துக் கட்டங்களாகப் பிரிக்காவிட்டால் வெடிப்பு விழும். விழுந்த வெடிப்பை நிறம் தெரியாமல் அடைப்பது ஏறக்குறைய இயலாது.

சிவகங்கை மாவட்டம் காரைக்குடி அருகிலுள்ள ஆத்தங்குடியில் செய்யப்படும் டைல்ஸும் சிமெண்ட் வகையே. சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தட்டின் மேல் நிறக்கலவையை அச்சில் ஊற்றி, பின்புறம் மணலும் சிமெண்டும் இட்டு, உலர்த்தித் தண்ணீரில் ஊறவைத்து எடுப்பார்கள். கண்ணாடியைத் தொட்ட பக்கம் வழவழப்பாக வரும். அழகில் இதற்கு இணை குறைவு. ஆயினும் நீரை உறிஞ்சும் தன்மை உள்ளதால், ஈரத்தடுப்பு இல்லாத கடலோர வீட்டில் உப்புப் பூக்கும். விரும்புவோர் கீழ்வேலையை முதலில் சரியாகச் செய்துகொள்ள வேண்டும்.

கல் வகைகள்

ஆந்திரத்திலிருந்து வரும் கடப்பாக்கல் விலை குறைவு. மாடிப்படி, பின்கட்டு, துணி துவைக்கும் இடம் ஆகியவற்றுக்குப் பொருந்தும், நாளடைவில் ஏடு ஏடாகப் பெயரக்கூடும். கிரானைட் கடினமானது, நீரை மிகக் குறைவாக உறிஞ்சும், வெள்ளம் வடிந்தபின் கழுவி விட்டால் போதும். ஆனால் பாலிஷ் போட்ட கிரானைட்டை வாசற்படியில் போட்டால் மழையில் வழுக்கும். வெளிப்பகுதிக்குச் சொரசொரப்பாக்கிய கிரானைட்டே ஏற்றது. மார்பிள் அடிப்படையில் சுண்ணாம்பு சார்ந்தது. எலுமிச்சையும் புளியும் பட்ட இடம் மங்கும். தமிழர் சமையலறைக்கு அது பொருந்தாது என்றே சொல்லலாம்.

டைல்ஸ்

இப்போது கட்டப்படும் வீடுகளில் பெரும்பாலும் டைல்ஸ்தான். இவற்றில் பெரும்பகுதி குஜராத்தின் மோர்பியிலிருந்து வருகிறது. டைல்ஸை வகைப்படுத்தும் முக்கிய அளவு நீர் உறிஞ்சும் விகிதம். விட்ரிஃபைட் டைல்ஸ் 0.5 விழுக்காட்டுக்கு மேல் உறிஞ்சாது. சுவருக்கான செராமிக் டைல்ஸ் 10 விழுக்காட்டுக்கு மேலும் உறிஞ்சும், ஆகவே அவற்றைத் தரையில் பதிக்கக் கூடாது.

விட்ரிஃபைட்டின் இந்த நற்குணமே பதிக்கும்போது சிக்கலாகிறது. நீரை உறிஞ்சாத பரப்பில் வெறும் சிமெண்ட் பால் சரியாகப் பிடிப்பதில்லை. டைல்ஸின் பின்புறம் அங்கங்கே மட்டும் கலவையை வைத்து அமுக்குவது இன்னும் மோசம். அடியில் வெற்றிடம் விழும், தட்டினால் பொள்ளலாகச் சத்தம் கேட்கும். சில கோடைகள் கழித்து, நடுக் கூடத்தில் திடீரென இரண்டு டைல்ஸ் கூடாரம்போல் எழும்பி உடையும். வெயிலில் விரியும்போது நகர இடமில்லாமல் ஒன்றோடொன்று மோதுவதே காரணம். இதைத் தவிர்க்க, டைல்ஸுக்கான ஒட்டுப்பசையைப் பல் கரணையால் முழுப் பரப்பிலும் பரப்ப வேண்டும். டைல்ஸுக்கு இடையே ஸ்பேசர் வைத்து இடைவெளி விட வேண்டும், சுவரோரமும் சிறிது விட்டு ஸ்கர்ட்டிங்கால் மறைக்க வேண்டும். இடைவெளியே தெரியாமல் ஒட்டிப் பதிப்பது பார்வைக்கு நன்றாக இருந்தாலும், வேலைத்திறனுக்கு அடையாளம் அல்ல.

குளியலறையில் பளபளப்பான டைல்ஸ் கூடவே கூடாது. முதியவர்கள் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிவது பெரும்பாலும் வீட்டுக்குள்தான் நடக்கிறது. வழுக்கும் தன்மையை ஆர்9 முதல் ஆர்13 வரை குறிப்பார்கள். எண் கூடக் கூட வழுக்கல் குறையும். நனையும் இடத்துக்கு ஆர்10 அல்லது ஆர்11 கேட்டு வாங்கலாம். கடையில் மாதிரித் துண்டின் மேல் தண்ணீர் ஊற்றி வெறுங்காலால் தேய்த்துப் பார்ப்பதும் நல்ல சோதனையே. 80 அடி நீளத்துக்கு 1 அடி இறக்கம் என்ற அளவில் வடிகாலை நோக்கி வாட்டம் வேண்டும். பதித்த அன்றே ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, எங்கும் தேங்குகிறதா என்று பார்த்த பிறகே கொத்தனாருக்குக் கணக்கு முடிக்க வேண்டும்.

பழைய தரையை உடைக்காமல் அதன் மேலேயே டைல்ஸ் பதிப்பது செலவைக் குறைக்கும். பழைய தரையில் ஈரமும் பொள்ளலும் இல்லாதபோதுதான் இது பொருந்தும். தரை உயர்வதால் கதவுகளின் அடியை இழைக்க வேண்டிவரும், குளியலறைத் தண்ணீர் கூடத்துக்கு வராதபடி மட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அளவும் பராமரிப்பும்

இரண்டடிக்கு இரண்டடி என்று விற்கப்படும் டைல்ஸின் உண்மை அளவு 600 மி.மீ., அதாவது 2 அடிக்குச் சற்றுக் குறைவு. 12க்கு 15 அடி கூடத்துக்கு 45 போதும் என்று கணக்கிடுவோர் நடுவில் மாட்டிக்கொள்வார்கள். 47 தேவைப்படும். உடைசலுக்கு 10 விழுக்காடு சேர்த்தால் 52, பெட்டிக்கு 4 வீதம் 13 பெட்டி. எல்லாப் பெட்டிகளிலும் தொகுதி எண் ஒன்றாக உள்ளதா என்று இறக்கும்போதே சரிபார்க்க வேண்டும். வேறு தொகுதியானால் ஒரே வகையிலும் நிறம் மாறும்.

டைல்ஸ் பதித்தபின் கறை போக ஆசிட் ஊற்றிக் கழுவும் வழக்கம் பரவலாக உள்ளது. அது இணைப்புகளில் உள்ள சிமெண்டை அரிக்கும். அரித்த இணைப்பு வழியே நீர் அடியில் இறங்கும். சிவப்புத் தரைக்கும் ஆத்தங்குடித் தரைக்கும் ஆசிட் முற்றிலும் ஆகாது, வெறும் தண்ணீரில் துடைத்து, எப்போதாவது சில துளி தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைத்தால் போதும். மீதமாகும் டைல்ஸை விற்றுவிடாமல் அரைப் பெட்டியாவது பரணில் வைத்திருக்க வேண்டும். ஐந்தாண்டு கழித்துக் குழாய் வேலைக்காக ஓரிடத்தை உடைக்க நேர்ந்தால், அதே நிறத்தில் கடையில் கிடைப்பது அரிது.