எட்டு வயதில் எழுதப்படும் தீர்ப்பு

இங்கிலாந்து அணிக்காக மிக அதிக கோல்கள் அடித்தவர் ஹாரி கேன். வெய்ன் ரூனி வைத்திருந்த 53 கோல் சாதனையை 2023 மார்ச்சில் இத்தாலிக்கு எதிரான ஆட்டத்தில் கடந்தார். அதற்கு முந்தைய மாதம்தான் டாட்டன்ஹாம் கிளப்பில் ஜிம்மி கிரீவ்ஸின் 266 கோல் சாதனையையும் முறியடித்திருந்தார். கிரீவ்ஸின் அந்தச் சாதனை அரை நூற்றாண்டுக்கும் மேலாக யாராலும் எட்டப்படாமல் இருந்தது. இதே கேனை எட்டு வயதில் ஆர்சனல் கிளப்பின் அகாடமி ஒரே ஒரு பருவம் வைத்திருந்து, பிறகு வேண்டாம் என்று அனுப்பிவிட்டது. அவர் கொஞ்சம் பருமனாக இருந்தார், ஓட்டத்தில் வேகம் இல்லை, நாங்கள் தவறு செய்துவிட்டோம் என்று அப்போது அந்த அகாடமியின் தலைவராக இருந்த லியாம் பிரேடியே பின்னாளில் ஒப்புக்கொண்டார். இந்தக் கதையை மன உறுதிக்குக் கிடைத்த வெற்றியாகச் சொல்வது வழக்கம். கேனின் மன உறுதியில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் அப்படிச் சொல்லி முடித்துவிட்டால் தீர்ப்பு எழுதிய அமைப்பு கேள்வி கேட்கப்படாமல் தப்பித்துவிடும். திறமையை முதலில் கண்டுபிடிக்கும் கண்ணை வைத்து ஓர் அகாடமியை அளக்கக் கூடாது. ஒரு பிள்ளையைப் பற்றிய முடிவை எவ்வளவு காலம் தள்ளிப்போடுகிறது, வெளியே அனுப்பும் பிள்ளைகளை எப்படி அனுப்புகிறது என்ற இரண்டையும் வைத்துத்தான் அளக்க வேண்டும். கேனின் வாழ்க்கையை வரிசையாகப் பார்த்தால் இது விளங்கும்.

முதலில், இந்த அமைப்பு எப்படி இயங்குகிறது என்று பார்ப்போம். இங்கிலாந்தின் தொழில்முறைக் கிளப்புகள் ஒன்பது வயதுக்குட்பட்டோர் பிரிவிலிருந்தே சிறுவர்களை முறைப்படி பதிவு செய்கின்றன. அதற்கும் முன்பே, ஆறேழு வயதில், பயிற்சிக்கு வரவழைத்துப் பார்ப்பதும் உண்டு. 2012-ல் நடைமுறைக்கு வந்த புதிய வீரர் வளர்ப்புத் திட்டம் அகாடமிகளை நான்கு தரங்களாகப் பிரித்தது. வசதிகள், பயிற்சி நேரம், பயிற்சியாளர்களின் தகுதி, கல்வி ஏற்பாடு எல்லாவற்றுக்கும் அளவுகோல் வகுத்தது. சிறுவனின் பதிவு முதலில் ஆண்டுக்கொரு முறையும், பதின்வயதில் இரண்டு ஆண்டுக்கொரு முறையும் மறுபரிசீலனைக்கு வரும். ஒவ்வொரு பரிசீலனையின்போதும் சிலர் கழிக்கப்படுவார்கள், புதிதாகச் சிலர் வருவார்கள். பதினாறு வயதைத் தாண்டி நிற்பவர்களுக்கு இரண்டு ஆண்டு உதவித்தொகைப் பயிற்சி கிடைக்கும். பதினேழு வயதானால் முதல் தொழில்முறை ஒப்பந்தத்தில் கையெழுத்திடலாம். அதன்பின் ரிசர்வ் அணி, கீழ் டிவிஷன் கிளப்புகளுக்கு லோனில் போய் ஆடும் காலம், கடைசியாக முதல் அணி. ஒன்பது வயதில் நுழைந்தவன் முதல் அணியில் நிலைபெற ஏறத்தாழ பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. நடுவில் எந்த ஆண்டிலும் அவன் பெயர் பட்டியலிலிருந்து போய்விடலாம்.

இந்த வரிசையில் மிகவும் ஆட்டங்காணுவது தொடக்கத்தில் எழுதப்படும் தீர்ப்புதான். அதற்கு எளிய காரணம் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் பள்ளி ஆண்டைப் போலவே கால்பந்தின் வயதுப் பிரிவுகளும் செப்டம்பர் 1-லிருந்து கணக்கிடப்படுகின்றன. செப்டம்பரில் பிறந்தவனும் அடுத்த ஆகஸ்டில் பிறந்தவனும் ஒரே பிரிவில் ஆடுவார்கள். எட்டு வயதில் பதினோரு மாத இடைவெளி சாதாரணம் அல்ல. உயரம், எடை, வேகம் எல்லாவற்றிலும் அது தெரியும். அகாடமிகளில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை பிறந்தவர்கள் தங்கள் விகிதத்துக்கு மீறிக் குவிந்திருப்பதை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். கால்பந்துத் திறமைக்குப் பிறந்த மாதம் தெரியாது. அப்படியென்றால் பயிற்சியாளர் திறமை என்று எண்ணித் தேர்ந்தெடுத்ததில் ஒரு பகுதி வெறும் உடல் முதிர்ச்சிதான். கேன் பிறந்தது 1993 ஜூலை 28. தன் பிரிவிலேயே மிக இளையவர்களில் ஒருவர் அவர். ஆர்சனல் ஒப்பிட்டுப் பார்த்த மற்ற சிறுவர்களில் சிலர் அவரைவிட ஏறக்குறைய ஓராண்டு மூத்தவர்களாக இருந்திருக்கக்கூடும். பருவ வளர்ச்சி தொடங்கும்போது இந்த இடைவெளி இன்னும் விரியும். ஒரே வயதுள்ள இரண்டு சிறுவர்களில் ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், மற்றவன் குழந்தை முகத்தோடு நிற்பான்.

ஆர்சனல் கைவிட்ட சிறுவனை எடுத்துக்கொண்டது சிங்ஃபோர்டில் உள்ள ரிட்ஜ்வே ரோவர்ஸ் என்ற பேட்டைக் கிளப். டேவிட் பெக்கமும் சிறுவயதில் ஆடிய கிளப் அது. வாட்ஃபோர்டில் சில காலம் முயன்றுபார்த்த பிறகு, பதினொரு வயதில், 2004-ல் கேன் டாட்டன்ஹாம் அகாடமிக்கு வந்தார். வந்ததும் எல்லாம் மாறிவிடவில்லை. பதின்வயதின் நடுப்பகுதி வரை அவர் தன் பிரிவின் நட்சத்திரம் அல்ல. உடல் தாமதமாகவே வளர்ந்தது. முன்களத்தில் மட்டுமன்றி நடுக்களத்திலும் அவரை ஆட வைத்தார்கள். டாட்டன்ஹாம் செய்த முக்கியமான காரியம், காத்திருந்ததுதான். வேகத்தாலும் பலத்தாலும் யாரையும் மிஞ்ச முடியாத சிறுவன் பந்தை எங்கே நிறுத்துவது, எப்போது திருப்புவது, யாருக்குக் கொடுப்பது என்று யோசித்து ஆடியே ஆக வேண்டும். பிற்காலத்தில் கீழிறங்கி வந்து நீண்ட பாஸ் கொடுத்துத் தாக்குதலைத் தொடங்கிவைக்கும் ஸ்ட்ரைக்கராக அவர் பெயர் பெற்றதில் அந்த நடுக்கள ஆண்டுகளுக்குப் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். உடல் வளர்ந்து கூட்டாளிகளை எட்டிப் பிடித்தபோது, மற்றவர்களிடம் இல்லாத ஆட்ட அறிவு அவரிடம் ஏற்கெனவே சேர்ந்திருந்தது. 2009-10 பருவத்தில் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் அணிக்காக 22 ஆட்டங்களில் 18 கோல் அடித்தார். 2010 ஜூலையில் முதல் தொழில்முறை ஒப்பந்தம் கிடைத்தது.

ஒப்பந்தம் கையில் வந்துவிட்டால் வீரன் கரையேறிவிட்டான் என்று வெளியிலிருப்பவர்கள் நினைப்பார்கள். மெய்யாகவே கடினமான காலம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. 2011 ஜனவரியில் மூன்றாம் டிவிஷனில் இருந்த லெய்டன் ஓரியன்ட் கிளப்புக்கு கேனை லோனில் அனுப்பினார்கள். 18 ஆட்டங்களில் 5 கோல். அதே ஆண்டு ஆகஸ்டில் ஹார்ட்ஸ் அணிக்கு எதிராக டாட்டன்ஹாமின் முதல் அணியில் அறிமுகமானார். அன்று அவர் அடித்த பெனால்டியை கோல்கீப்பர் தடுத்துவிட்டார். அடுத்து மில்வால், கீழே இறங்கிவிடும் அபாயத்தில் போராடிக்கொண்டிருந்த அணியில் 27 ஆட்டங்களில் 9 கோல். பிறகு நார்விச், கால் எலும்பு முறிந்து, 5 ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை. பிறகு லெஸ்டர், 15 ஆட்டங்களில் 2 கோல். நான்கு கிளப்புகள், 65 ஆட்டங்கள், 16 கோல்கள். இந்தக் கணக்கை மட்டும் ஒரு தாளில் எழுதிக் காட்டினால், இவர் பின்னாளில் ஓர் உலகக் கோப்பையில் மிக அதிக கோல் அடித்தவராக இருப்பார் என்று எந்த நிபுணரும் சொல்லியிருக்க மாட்டார். கூட்டம் திட்டும் மைதானத்தில், சம்பளமே பிழைப்பாக உள்ள மூத்த வீரர்களுக்கு நடுவே, தோற்றால் டிவிஷன் பறிபோகும் என்ற நிலையில் ஆடுவது எப்படி என்பதை அகாடமியின் பச்சைப் புல்தரையில் கற்றுத்தர முடியாது. அந்த ஆண்டுகளின் பயன் கோல் கணக்கில் பதிவாகவில்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகும் வாய்ப்பு தானாக வரவில்லை. 2013-ல் டாட்டன்ஹாம் பெரும் விலை கொடுத்து ராபர்ட்டோ சொல்டாடோவை வாங்கியது. எம்மானுவேல் அடிபயோரும் அணியில் இருந்தார். அந்த ஆண்டு டிசம்பரில் மேனேஜர் மாறியபோது பொறுப்புக்கு வந்தவர் டிம் ஷெர்வுட். கிளப்பின் இளைஞர் அணிகளோடு வேலை செய்து, கேனை நன்றாக அறிந்தவர். 2014 ஏப்ரல் 7 அன்று சண்டர்லாந்துக்கு எதிராக, பிரீமியர் லீக்கில் முதல்முறையாகத் தொடக்க அணியில் கேனை இறக்கினார். கேன் கோல் அடித்தார். அடுத்த பருவத்தில் மவுரிசியோ பொச்செட்டினோ மேனேஜரானார். நவம்பரில் ஆஸ்டன் வில்லாவுடன் நடந்த ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் கேன் அடித்த ஃப்ரீ கிக் எதிரணி வீரர்மீது பட்டுத் திரும்பி வலைக்குள் போனது. அதன்பின் அவர் தொடக்க அணியிலேயே நிலைத்துவிட்டார். அந்தப் பருவத்தில் எல்லாப் போட்டிகளையும் சேர்த்து 31 கோல்கள். விலை கொடுத்து வாங்கியவர்கள் தடுமாறாமல் இருந்திருந்தால், அவரை அறிந்த ஒருவர் மேனேஜராக வராமல் இருந்திருந்தால், அந்தப் பந்து வேறு பக்கம் திரும்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பது கேனின் திறமையைக் குறைப்பது ஆகாது. திறமை வெளிப்படக் காலமும் ஆதரவும் தற்செயலும் தேவை என்பதைத்தான் அது காட்டுகிறது. காலத்தையும் ஆதரவையும் ஒரு கிளப் தன் கையால் கொடுக்க முடியும். தற்செயலைக் கொடுக்க முடியாது. ஆனால் அது வரும்வரை வீரனை ஆட்டத்தில் வைத்திருக்க முடியும்.

இதற்கு முதல் மறுப்பு, உண்மையான திறமை சின்ன வயதிலேயே தெரிந்துவிடும் என்பது. எவர்ட்டனுக்காக ரூனி பதினாறு வயதில் ஆடினார். பார்சிலோனாவின் லமீன் யமால் 2023-ல் பதினைந்து வயதிலேயே முதல் அணியில் இறங்கினார். உண்மைதான், அப்படிச் சிலர் இருக்கிறார்கள். ஆனால் அவர்களைக் கண்டுபிடிக்க நுட்பமான அமைப்பு எதுவும் வேண்டியதில்லை. பந்தைத் தொட்ட பத்தாவது நிமிடத்தில் யாருக்கும் தெரிந்துவிடும். அகாடமியின் தரம் சோதிக்கப்படுவது அடுத்த வரிசையில் நிற்கும் நூற்றுக்கணக்கானவர்களிடம். மேலும், சின்ன வயதிலேயே மின்னியவர்களில் தலையாயவரான லயோனல் மெஸ்ஸியின் கதையும் இந்த வாதத்தின் பக்கமே நிற்கிறது. வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு இருந்த அந்தச் சிறுவன் பதின்மூன்று வயதில் பார்சிலோனாவுக்கு வந்தபோது, உடல் இன்னும் வரவில்லை என்று தள்ளிவிடாமல், சிகிச்சைச் செலவையே கிளப் ஏற்றுக்கொண்டது. அங்கேயும் முடிவைக் காலத்திடம் விட்டவர்களுக்குத்தான் பலன் கிடைத்தது.

இரண்டாவது மறுப்பு இதைவிட வலுவானது. திறமை இருந்தால் கழிக்கப்பட்டாலும் திரும்பி வந்துவிடுவான், ஜேமி வார்டியைப் பாருங்கள் என்பார்கள். ஷெஃபீல்ட் வென்ஸ்டே கிளப் உடல் சிறியது என்று பதினாறு வயதில் வார்டியை அனுப்பியது. தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே கீழ்நிலை லீக்கில் ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் அணிக்கு ஆடினார். ஹாலிஃபாக்ஸ், ஃப்ளீட்வுட் வழியாக, 25 வயதில் 2012-ல் லெஸ்டருக்கு வந்து, 2016-ல் பிரீமியர் லீக் கோப்பையை வென்ற அணியின் முன்கள வீரரானார். 2013-ல் லெஸ்டரின் ஒரு பிளே-ஆஃப் ஆட்டத்தில் கேனும் வார்டியும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த படம் இன்று புகழ்பெற்றது. அகாடமிகள் கழித்துவிட்ட இருவர், பின்னாளில் இருவரும் பிரீமியர் லீக்கின் தங்கக் காலணி விருது பெற்றவர்கள். ஆனால் அந்தப் படம் நிரூபிப்பது என்ன? திரும்பி வந்தவர்களின் பெயர் மட்டுமே நமக்குத் தெரியும். திரும்பி வராதவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. வார்டி வந்தார் என்பதை வைத்து, வரத் தகுதியுள்ள எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. இங்கிலாந்தில் பல படிகளாகக் கீழே நீளும் லீக் வரிசை இருந்ததால்தான் அவருக்கு ஏறுவதற்கு ஏணி கிடைத்தது. அதே கழிப்பு முறையை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த ஏணியைக் கட்டாத நாடுகளில் வார்டிகள் தொழிற்சாலையிலேயே இருந்துவிடுவார்கள்.

மூன்றாவது, பண விஷயம். கிளப் தர்ம ஸ்தாபனம் அல்ல, எல்லோரையும் வைத்துக்கொள்ள முடியாது என்பார்கள். எல்லோரையும் வைத்துக்கொள்ளும்படி யாரும் கேட்கவில்லை. ஆனால் அகாடமியால் கிளப்புக்குக் கிடைக்கும் லாபத்தையும் எடைபோட்டுப் பார்க்க வேண்டும். கிளப்புகளின் நஷ்டத்துக்கு வரம்பு கட்டும் நிதி விதிகளில், இளைஞர் வளர்ச்சிக்கான செலவு கணக்கில் சேர்வதில்லை. சொந்த அகாடமியில் வளர்ந்தவரை விற்றால், வாங்கிய விலை என்று கழிக்க எதுவும் இல்லாததால் விற்ற தொகை ஏறக்குறைய முழுவதும் லாபமாகப் பதிவாகிறது. பிரீமியர் லீக் அணியின் 25 பேர் பட்டியலில் உள்நாட்டில் வளராதவர்கள் 17 பேருக்கு மேல் இருக்க முடியாது என்பதால், சொந்தப் பிள்ளைகளுக்கு மதிப்பு கூடுகிறது. நாடு விட்டு நாடு மாறும் வீரரின் விலையில் ஐந்து சதவீதத்தை, 12 முதல் 23 வயது வரை அவரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துத் தர வேண்டும் என்பது ஃபிஃபாவின் விதி. 2023-ல் கேன் பெருந்தொகைக்கு பேயர்ன் மியூனிக் போனபோது இந்த விதியும் பொருந்தியது. எட்டு வயதில் கைவிடப்பட்டவனை அணைத்துக்கொண்ட பேட்டைக் கிளப்புக்கு மட்டும் அதில் இடமில்லை. விதியின் கணக்கு பன்னிரண்டு வயதில்தான் தொடங்குகிறது. இவ்வளவு லாபம் தரும் ஏற்பாட்டுக்கு அதற்கேற்ற கடமையும் உண்டு. வழிகளும் தெரியாதவை அல்ல. பிறந்த தேதிக்குப் பதிலாக உடல் முதிர்ச்சியை வைத்து அணி பிரிக்கும் முறையை பிரீமியர் லீக் அகாடமிகள் சோதித்துப் பார்த்திருக்கின்றன. தாமதமாக வளரும் சிறுவர்களுக்கென்றே பெல்ஜியம் தேசிய அளவில் தனி அணிகள் நடத்துகிறது. 18 வயதுக்கு மேல் விடுவிக்கப்படுபவர்களை மூன்று ஆண்டுகள் வரை கவனித்து, படிப்புக்கும் வேலைக்கும் வழிகாட்டும் திட்டத்தை கிரிஸ்டல் பேலஸ் 2022-ல் அறிவித்தது. இவற்றைச் சில கிளப்புகளின் நல்லெண்ணத்துக்கு விட்டுவிடாமல், அகாடமிக்கு உரிமம் தருவதற்கான நிபந்தனையாகவே ஆக்க வேண்டும்.

பேயர்னில் முதல் பருவத்தில் கேன் ஜெர்மன் லீக்கில் 36 கோல்கள் அடித்தும் கோப்பை கிடைக்கவில்லை. 2025-ல், 31 வயதில், தன் வாழ்க்கையின் முதல் பெரிய கோப்பையை வென்றார். அதிலும் தாமதம்தான். தன்னைக் காத்தவர்களை அவர் மறக்கவில்லை. 2020-ல் கொரோனாவால் கிளப்புகள் திணறியபோது, லெய்டன் ஓரியன்ட் அணியின் சட்டை விளம்பர உரிமையைத் தானே வாங்கி, அந்த இடத்தை மருத்துவப் பணியாளர்களுக்கு நன்றி சொல்லவும் தொண்டு அமைப்புகளுக்கும் கொடுத்தார். பிள்ளையை அகாடமியில் சேர்க்கும் பெற்றோர், அங்கிருந்து எத்தனை நட்சத்திரங்கள் வந்தார்கள் என்று விசாரிப்பது இயல்பு. கூடவே இன்னும் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும்: வளர்ச்சி தாமதமாகும் பிள்ளைக்கு எத்தனை ஆண்டு பொறுப்பீர்கள்? வேண்டாம் என்று முடிவெடுத்தால் அவனை எந்த வாசலில் கொண்டுபோய் விடுவீர்கள்? இந்த இரண்டுக்கும் பதில் இல்லாத அகாடமி எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும், எட்டு வயதுப் பிள்ளையை அதன் கையில் ஒப்படைப்பதற்கு முன் நன்றாக யோசியுங்கள்.