உப்புப் பாலையில் கள உதவியாளர்

பாலைவனம் என்றவுடன் மணல் மேடும் ஒட்டகமும் தான் நம் நினைவிற்கு வருகின்றன. ஆனால் தண்ணீர் சூழ்ந்த இடத்திலும் பாலை உண்டாகும். சிதம்பரத்திற்குக் கிழக்கே, வெள்ளாற்று முகத்திற்கும் கொள்ளிட முகத்திற்கும் இடையில், சுமார் 1,100 எக்டரில் பிச்சாவரம் சதுப்புநிலக் காடு பரவியிருக்கிறது. இக்காட்டின் நடுவே புல்லும் முளைக்காத வெற்றுத் தரைகள் இருந்தன. கோடையில் அவற்றின் மேல் உப்புப் பூத்து வெண்மையாகத் தெரியும். நான்கு பக்கமும் உப்பங்கழி இருக்க, நடுவில் உப்புப் பாலை!

இப்பாலை எப்படி உண்டாயிற்று, அதை எவ்வாறு கண்டறிந்து மாற்றினார்கள், அதில் கள உதவியாளரின் பங்கு என்ன என்பதை உழவர்கள் அறிந்துகொள்வது நல்லது. கீழணைப் பாசனத்தின் கடைமடையில் பயிர் செய்வோருக்கும், கடலூர் உப்பனாற்றங்கரையில் நிலம் வைத்திருப்போருக்கும் இது சொந்த நிலத்தின் கதையும் ஆகும்.

உப்புப் பாலை உருவான விதம்

முற்காலத்தில் இக்காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியிலுள்ள மரங்களை அடியோடு வெட்டி எடுக்கும் முறை இருந்தது. 1970-கள் வரை இம்முறை நீடித்தது. மரம் போனதும் களிமண் தரை நேரடியாக வெயிலில் காய்ந்தது. ஈரம் வற்றியதால் மண் சுருங்கி அமிழ்ந்தது. நாளடைவில் அவ்விடம் தாம்பாளம் போல் நடுவில் பள்ளமாயிற்று.

கடல் ஏற்றத்தின்போது பள்ளத்திற்குள் புகுந்த உவர்நீர், வற்றத்தின்போது வெளியேற வழியின்றித் தேங்கியது. வெயிலில் நீர் ஆவியாயிற்று. உப்பு மட்டும் தங்கிவிட்டது. இப்படியே ஆண்டுதோறும் சேர்ந்து, மண்ணிலுள்ள நீரின் உப்பு கடல்நீரின் உப்பையும் மிஞ்சியது. உவர்நீரில் வளரும் வெண்கண்டலும் அதைத் தாங்கவில்லை. அத்தரையில் நேரடியாக நட்ட கன்றுகள் நிலைக்கவில்லை.

சுற்றுப்புற மக்கள் விறகு வெட்டுவதும் மாடு மேய்ப்பதுமே காடு அழியக் காரணம் என்று அப்போது பலரும் எண்ணினர். அந்த எண்ணத்தின்படி நடந்திருந்தால், ஏழைகளைக் காட்டிற்குள் வராமல் தடுத்துவிட்டு, மீண்டும் மீண்டும் கன்று நட்டுச் செலவு செய்துகொண்டே இருந்திருப்பார்கள். பாலையோ பாலையாகவே கிடந்திருக்கும்.

அளந்து கண்ட வழி

1988-இல் தொடங்கப்பட்ட எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், 1990-களில் வனத்துறையுடனும் கிராம மக்களுடனும் சேர்ந்து இங்கு ஆய்வு செய்தது. தரையின் உயரம், நீர் வந்து போகும் பாதை, மண்ணின் ஈரம், உப்பின் அளவு ஆகியவை அளக்கப்பட்டன. அப்போது தான் உண்மைக் காரணம் தெரிந்தது. நீர் உள்ளே வருவது மட்டும் போதாது, வெளியேறவும் வேண்டும். குறை அங்கே தான் இருந்தது.

தீர்வும் அதிலிருந்தே கிடைத்தது. இயற்கையான கழியிலிருந்து வெற்றுத் தரைக்குள் ஒரு முதன்மை வாய்க்கால் வெட்டினார்கள். அதன் இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள் அமைத்தார்கள். மேலிருந்து பார்த்தால் மீன் முள் போலத் தோன்றும். வாய்க்காலின் மேற்புறம் அகலமாகவும் அடிப்புறம் குறுகலாகவும் இருக்கும். இதன் வழியே ஒவ்வொரு நாளும் ஏற்றநீர் வந்து, வற்றத்தில் திரும்பிச் சென்றது. தேங்கிய உப்பு சிறிது சிறிதாகக் கழுவப்பட்டது. பிறகு வாய்க்காலின் சரிவில் வெண்கண்டல் கன்றுகளை நட்டபோது அவை பிழைத்தன. வாய்க்காலில் வண்டல் படிந்தால் தூர் எடுக்க வேண்டும். இல்லையேல் பழைய நிலை திரும்பும். 2022-ஆம் ஆண்டு பிச்சாவரம், உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

கள உதவியாளர் செய்யும் வேலைகள்

இத்தகைய கண்காணிப்பில் அறிவியலாளர் திட்டம் வகுப்பார். கணக்கைப் பகுத்துப் பார்ப்பார். ஆனால் சேற்றில் இறங்கி, ஒரே இடத்திற்கு மாதந்தோறும் சென்று, அளந்து எழுதுபவர் கள உதவியாளரே. அவர் எழுதும் எண் தவறானால் அதன் மேல் எழும் முடிவும் தவறாகும். அவருடைய வேலைகள் பொதுவாக வருமாறு:

1. நிலையான இடங்களைக் காத்தல்: அளக்கும் இடங்களில் முளையடித்து எண் இட்டிருப்பார்கள். மரங்களுக்குப் பத்து மீட்டர் சதுரமும், நாற்றுகளுக்கு ஒரு மீட்டர் சதுரமும் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளப்படும். முளை சாய்ந்திருந்தால் நிமிர்த்தி, அதைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும்.

2. மரங்களை அளத்தல்: தரையிலிருந்து சுமார் 1.3 மீட்டர் உயரத்தில் நாடாவைச் சுற்றி அடிமரத்தின் சுற்றளவு எடுக்கப்படும். சுரபுன்னைக்குத் தாங்கு வேர்கள் மேலே வரை இருப்பதால், மிக உயர்ந்த வேருக்கு மேல் 30 செ.மீ. விட்டு அளக்க வேண்டும். வெண்கண்டல் கீழேயே கிளைத்திருந்தால் ஒவ்வொரு தண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும்.

3. கன்றுகளை எண்ணுதல்: நட்டவை எத்தனை, பிழைத்தவை எத்தனை, தானே முளைத்தவை எத்தனை என்று தனித்தனியாக எழுத வேண்டும். மூன்றையும் கலந்து எழுதினால் நடவு வெற்றியா, இயற்கையின் வேலையா என்று பிறகு அறிய முடியாது.

4. நீரின் உப்பு: உப்பு அளக்கும் ஒளிவிலகல்மானியின் கண்ணாடியில் ஒரு சொட்டு நீர் விட்டு, வெளிச்சத்தை நோக்கிப் பார்த்தால் அளவு தெரியும். ஒவ்வொரு முறையும் முதலில் காய்ச்சி வடித்த நீரை விட்டு, பூச்சியம் காட்டுகிறதா என்று சரிபார்க்க வேண்டும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். வடகிழக்குப் பருவமழையில் ஆற்றுவெள்ளம் வரும்போது கழிநீரின் உப்பு வெகுவாகக் குறையும். கோடையில் உச்சத்திற்கு ஏறும்.

5. மண் மாதிரி: மேல் மண்ணையும் அடி மண்ணையும் ஆழம் பிரித்து எடுத்து, தனித்தனிப் பைகளில் இட வேண்டும். சீட்டைப் பென்சிலால் எழுதுவது நல்லது. மை ஈரத்தில் கலைந்துவிடும்.

6. நேரம் அறிதல்: ஏற்றவற்றம் நாளொன்றுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமி நாட்களை ஒட்டி ஏற்றம் அதிகம். படகில் செல்ல ஏற்றமும், தரையில் அளக்க வற்றமும் ஏற்றவை. இதைக் கணக்கிடாமல் சென்றால் ஒரு நாள் வேலை வீணாகும்.

இவ்வேலையில் உள்ளூர் அனுபவத்திற்கு ஈடு இல்லை. கழிகளில் கைகளால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பத்தினருக்கு எந்த வாய்க்கால் எப்போது ஆழம், எங்கே சேறு உள்வாங்கும் என்பது தெரியும். அவர்களைக் கேட்காமல் வரைந்த வரைபடம் அரைகுறையாகவே இருக்கும்.

குறிப்பேட்டின் ஒழுக்கம்

அளப்பதைப் போலவே எழுதுவதும் முக்கியம். கீழ்க்கண்ட விதிகளைக் கள உதவியாளர் மீறக்கூடாது:

• அளந்த இடத்திலேயே எழுத வேண்டும். வீட்டிற்கு வந்து நினைவிலிருந்து எழுதக்கூடாது.
• ஒருவர் படித்துச் சொல்ல, எழுதுபவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு எழுத வேண்டும்.
• தவறாக எழுதியதை அழிக்காமல், ஒரு கோடு மட்டும் அடித்துப் பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும்.
• கன்று ஒன்றும் இல்லையென்றால் 'பூச்சியம்' என்று எழுத வேண்டும். அளக்கவே செல்லவில்லை என்றால் காரணத்தை எழுத வேண்டும். பூச்சியமும் வெற்றிடமும் ஒன்றல்ல.
• மேலதிகாரி எதிர்பார்க்கும் எண்ணை எழுதக்கூடாது. கன்று செத்திருந்தால் செத்தது என்றே எழுத வேண்டும். செத்த கணக்கு மறைக்கப்பட்டால் அடுத்த ஆண்டும் அதே இடத்தில் கன்று சாகும்.

மணற்பாலையிலும் இதே முறை

இராஜஸ்தானில் ஜோத்பூரில் 1952-இல் பாலைவனக் காடு வளர்ப்பு நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. அது 1959-இல் மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிலையமாக வளர்ந்தது. ஆப்பிரிக்காவில் நமீப் பாலைவனத்தின் கோபபெப் என்னும் இடத்தில் 1962 முதல் ஓர் ஆராய்ச்சி நிலையம் இயங்கி வருகிறது. மழை அரிதான அவ்விடத்தில் மூடுபனி தரும் ஈரமும் அளக்கப்படுகிறது. மணற்பாலையில் முளைக்குச்சி நட்டு, மணல் எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்று அளப்பார்கள். அங்கே காற்று மணலை நகர்த்துகிறது. இங்கே நீர் உப்பை நகர்த்துகிறது. நிலையான முளை, குறித்த நாள், உண்மையான எண் என்னும் மூன்றும் இரண்டு இடங்களுக்கும் பொது.

வேலைக்குச் செல்ல விரும்புவோர்க்கு

பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. கடலோர ஆய்வுத் திட்டங்களுக்கு உள்ளூர் ஆட்கள் தேவைப்படுவதுண்டு. பிழையின்றி எழுதத் தெரிந்த, சேற்றுக்கும் வெயிலுக்கும் அஞ்சாத உழவர் வீட்டுப் பிள்ளைகள் இதற்குப் பொருத்தமானவர்கள். ஆனால் திட்ட வேலைகள் பெரும்பாலும் தற்காலிகமானவை. ஆகவே எத்தனை மாதம், ஊதியம் எவ்வளவு, விபத்து நேர்ந்தால் யார் பொறுப்பு என்பவற்றை எழுத்தில் பெற்றுக்கொண்டு சேருங்கள்.

படகில் மிதவை உடை அணியாமல் செல்லாதீர்கள். தனியாகக் காட்டிற்குள் போகாதீர்கள். சிப்பி ஓடு காலைக் கிழிக்கும். காலணி அணிவதோடு தடுப்பூசியும் போட்டுக்கொள்ளுங்கள். சிதம்பரத்திற்குத் 'தில்லை' என்னும் பழம்பெயரைத் தந்த தில்லை மரம் இக்காட்டில் உண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. பட்டவுடன் நல்ல நீரால் நன்கு கழுவி, உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

உங்கள் வயலுக்கும் இது பொருந்தும்

2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலையால் கடலூர், நாகை மாவட்டங்களில் வயல்களுக்குள் கடல்நீர் புகுந்தது. அடுத்து வந்த மழையில், வடிகால் இருந்த இடங்களில் உப்பு கரைந்து வெளியேறியது. ஆனால் உப்பு எப்போதும் அலையாக வருவதில்லை. கிணற்று நீரின் வழியே சத்தமின்றியும் வரும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். உங்கள் கிணற்று நீரின் மின்கடத்தும் திறன் 2 டெசிசைமன் என்று வைத்துக்கொள்வோம். அந்நீரில் லிட்டருக்குச் சுமார் 1.28 கிராம் உப்பு இருக்கும். ஒரு ஏக்கரில் 5 செ.மீ. உயரத்திற்கு நீர் கட்டினால் சுமார் 2 லட்சம் லிட்டர் ஆகும். அதாவது ஒரே பாய்ச்சலில் ஏறக்குறைய 250 கிலோ உப்பு, ஐந்து மூட்டை, வயலில் இறங்குகிறது! வடிகால் இல்லாவிட்டால் அது அங்கேயே தங்கும். பிச்சாவரத்துப் பள்ளத்தில் நடந்ததும் இது தான்.

ஆகவே ஒவ்வொருவரும் தம் நிலத்திற்குத் தாமே கள உதவியாளராக வேண்டும்:

1. வயலில் மூன்று அல்லது நான்கு இடங்களில் முளையடித்து எண் இடுங்கள். நல்ல பயிர் நிற்கும் இடம் ஒன்றும், உப்புப் பூக்கும் இடம் ஒன்றும் கட்டாயம் இருக்கட்டும். இரண்டின் மண்ணையும் கலக்காதீர்கள்.

2. கோடை முடிவிலும், பருவமழை ஓய்ந்த பிறகும் என ஆண்டுக்கு இரு முறை மண்ணும் நீரும் எடுங்கள். புயலில் கடல்நீர் புகுந்தால் உடனேயும் எடுங்கள்.

3. உப்பு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்றறிய 0–15, 15–30, 30–60 செ.மீ. எனப் பிரித்து எடுங்கள்.

4. மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்ட பிறகு, அந்த நீராலேயே புட்டியைக் கழுவி நீர் மாதிரி பிடியுங்கள்.

5. மண் பரிசோதனை நிலையத்தில் முடிவைப் பெறும்போது எந்த முறையில் அளந்தது என்று கேளுங்கள். மண்ணில் அதிக நீர் கலந்து அளந்தால் எண் குறைவாகத் தெரியும். செறிவு நிலைச் சாற்றில் 4 டெசிசைமனுக்கு மேல் இருந்தால் அது உவர் நிலம். நெல்லின் விளைச்சல் 3 டெசிசைமனுக்கு மேலேயே குறையத் தொடங்கும். பாசன நீர் 0.7 வரை கவலையில்லை. 3-க்கு மேல் போனால் மிகுந்த எச்சரிக்கை தேவை.

6. உவர் நிலமும் களர் நிலமும் வேறு. ஜிப்சம் களர் நிலத்திற்கு உரியது. வெறும் உவர் நிலத்திற்கு ஜிப்சம் இட்டுப் பயனில்லை. நல்ல நீரைத் தேக்கி, வடிகால் வழியே வடித்து உப்பைக் கழுவுவதே மருந்து. சோதிக்காமல் ஜிப்சம் வாங்குவது காசைச் சேற்றில் போடுவதாகும்.

7. தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுங்கள். கோ 43, திருச்சி 1 போன்ற உப்பைத் தாங்கும் நெல் இரகங்களை, உங்கள் பட்டத்திற்கு ஏற்றதா என்று வேளாண்மை அலுவலரிடம் கேட்டுத் தேர்ந்தெடுங்கள்.

இவற்றுடன் மழை பெய்த நாள், வாய்க்காலில் நீர் வந்த நாள், வடிகால் தூர் எடுத்த நாள் ஆகியவற்றையும் ஒரே நோட்டில் எழுதி வாருங்கள். மூன்று ஆண்டுகளில் உங்கள் நிலத்தின் போக்கு கண்ணுக்குத் தெரியும். உப்பு ஏறுகிறது என்று தெரிந்தால், ஊர் வடிகாலைத் தூர் எடுக்கக் கோரி மனுக் கொடுக்கும்போது வாய்ச்சொல்லுக்குப் பதில் கணக்கைக் காட்டலாம். பக்கத்து வயல்காரரும் எழுதினால் அக்கணக்கிற்கு இன்னும் வலிமை சேரும்.

பிச்சாவரத்தில் காரணம் தெரியாதவரை நட்ட கன்றெல்லாம் பட்டுப்போனது. அளந்து பார்த்த பின்னரே காடு துளிர்த்தது. வருகிற கோடையில், வயலில் வெண்மை பூக்கும்போதே முதல் முளையை அடித்து, நோட்டின் முதல் பக்கத்தைத் தொடங்குங்கள்.